திபெத்திய யோகா உடலுக்கும் மனதுக்கும் உண்மையிலேயே பயன் தருமா?

உறக்கத்தைப் பொறுத்தவரை, ஓரளவு ஆம். ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தினர் 39 நிணநீர்ப் புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வாரம் இதைப் பயின்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாக உறங்கினர். ஆனால் பதற்றம், மனச்சோர்வு, களைப்பு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை (விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான்).

மூச்சை அடக்கியபடி அசைவதே இம்முறையின் உயிர். இப்பயிற்சிகளுக்குத் திபெத்திய மொழியில் 'சா லுங்' என்று பெயர்: 'சா' என்றால் நாடி (உடலில் உயிர்க்காற்று ஓடுவதாகக் கருதப்படும் வழி), 'லுங்' என்றால் காற்று. 'போன்' எனப்படும் திபெத்தின் பழைய சமய மரபில் வரும் ஐந்து சா லுங் பயிற்சிகளுள் ஒன்றில், நிமிர்ந்து அமர்ந்து, மூச்சை இழுத்துத் தொண்டையில் கவனம் வைத்து அடக்கி, தலையை இடமாக ஐந்து முறையும் வலமாக ஐந்து முறையும் மெதுவாகச் சுழற்றிய பிறகே மூச்சை விடுவார்கள். கழுத்தெலும்புத் தேய்வோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.