ஒரு ஆப்பில் லாகின் செய்தால் மற்றது லாக்அவுட் ஆவது பற்றி

வணக்கம். உங்கள் கணினியில் போர்ட் 8000-இல் ஸ்டாக் ஆப், போர்ட் 8001-இல் பில்லிங் ஆப், இரண்டும் ஜாங்கோ (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்); இரண்டுக்கும் ஒரே லாகின் வேண்டும், ஆனால் ஒன்றில் நுழைந்தால் மற்றது வெளியே தள்ளுகிறது என்கிறீர்கள். உங்களை அடையாளம் காண ஆப் பிரௌசரில் வைக்கும் சிறு தகவல்தான் குக்கி. பிரௌசர் குக்கிகளைப் போர்ட் வாரியாகப் பிரிப்பதில்லை, அதுதான் காரணம். உங்கள் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் ஒன்றே, ஜாங்கோ வைக்கும் குக்கியின் பெயரும் இரண்டிலும் 'செஷன்ஐடி'தான். பிந்தி வந்தது முந்தையதை அழித்துவிடும். எஃப்12 அழுத்தி, குக்கிப் பட்டியலைத் திறந்துவைத்து மாறி மாறி லாகின் செய்து பாருங்கள். அதே வரியில் மதிப்பு மட்டும் மாறுவது தெரியும்.

குக்கியின் பெயரை மாற்றினால் மோதல் நிற்கும், ஆனால் ஒரே லாகின் கிடைக்காது. அதனால் பெயரை அப்படியே விடுங்கள். இரண்டு செட்டிங்ஸிலும் ஒரே சீக்ரெட் கீ (செஷனைச் சரிபார்க்க ஜாங்கோ பயன்படுத்தும் ரகசியச் சரம்) கொடுங்கள். யூசர், செஷன் (யார் லாகின் செய்திருக்கிறார் என்ற பதிவு) டேபிள்கள் ஒரே டேட்டாபேஸில் இருக்கட்டும். டேபிள் ஒன்றாக இருந்தாலும் கீ வேறாக இருந்தால் ஜாங்கோ அந்தச் செஷனை ஏற்காது, இதைக் கட்டாயம் சரிபாருங்கள். அப்புறம், ஒன்றை லோக்கல்ஹோஸ்ட் என்றும் மற்றதை 127.0.0.1 என்றும் திறக்காதீர்கள். பிரௌசருக்கு அவை வேறு வேறு பெயர்கள், அதனால் குக்கி போய்ச் சேராது.

பின்னால் ஜாங்கோ அல்லாத ஆப்பும் சேரும் என்றால் கீக்ளோக் (பல ஆப்களுக்கு ஒரே லாகின் தரும் தனி மென்பொருள்) பாருங்கள். இப்போதைக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.