டோக்கியோ ரயிலுக்கு எந்த பாஸ்?

கேள்வி: மகனும் மருமகளும் டோக்கியோவில் இருக்கிறார்கள். ஒரு மாதம் அவர்களோடு தங்கப் போகிறோம். ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் இருந்தால் ஊருக்குள் எல்லா ரயிலிலும் ஏறலாம் என்கிறார் டிராவல் ஏஜென்ட். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பணத்தில் மருமகளுக்கு நல்லதாக ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள். 29,650 யென்னாக இருந்த ஏழு நாள் பாஸை 2023 அக்டோபரில் ஒரேயடியாக 50,000 ஆக்கிவிட்டார்கள். புல்லட் ரயிலில் ஒசாகா போய்த் திரும்பினால்கூட அவ்வளவு ஆகாது. தவிர, ஏஜென்ட் சொல்லும் ‘எல்லா ரயிலும்’ என்பதே தப்பு. சுரங்க ரயிலில் அந்த பாஸ் செல்லாது.

அங்கே ரயில் ஒரே நிர்வாகத்தின் கையில் இல்லை. ஊரைச் சுற்றிவரும் யமனோட்டே வட்டப்பாதை ஜே.ஆருடையது. சுரங்க ரயிலில் மொத்தம் 13 தடங்கள். 9 டோக்கியோ மெட்ரோ கம்பெனிக்கு, மீதி 4 மாநகர அரசின் டோயெய்க்கு. புறநகர்ப் பக்கம் ஓடுபவை டோக்யூ, ஒடக்யூ, கெய்யோ என்று தனியார் ரயில்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் தனி, பாஸும் தனி.

கூத்து என்னவென்றால், வண்டிகள் கம்பெனி விட்டுக் கம்பெனி தாண்டி ஓடும். மெட்ரோவின் ஹன்சோமோன் தடத்தில் ஏறி உட்காருங்கள். ஷிபுயா வந்ததும் டிரைவர் இறங்குவார், வேறு சீருடை போட்டவர் ஏறுவார், வண்டி கிளம்பிவிடும். நீங்கள் சீட்டை விட்டு அசையவே இல்லை; ஆனால் இப்போது டோக்யூவின் பயணி! மெட்ரோ பாஸ் ஷிபுயாவோடு சரி. பயப்பட வேண்டாம், அபராதம் கிடையாது. இறங்கும் ஸ்டேஷனில் வாயிலுக்கு உள்பக்கமே ஒரு மெஷின் இருக்கும். பாக்கியைக் கட்டிவிட்டு வெளியே வரலாம்.

குடான்ஷிதா ஸ்டேஷனில் இன்னும் விசேஷம். மெட்ரோ பக்கத்துக்கும் டோயெய் பக்கத்துக்கும் நடுவே, ஒரே நடைமேடையில், சுவர் எழுப்பி வைத்திருந்தார்கள். வண்டி மாற வேண்டியவர்கள் படியேறி, இறங்கி, சுற்றி வரவேண்டும். 2013 மார்ச்சில்தான் அதை எடுத்தார்கள். இப்போது நாலு எட்டு வைத்தால் அந்தப் பக்கம். கட்டணம் மட்டும் இன்றைக்கும் இரண்டு. மாறிப் போகிறவருக்கு 70 யென் தள்ளுபடி கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் உங்களுக்கு வேண்டியது பாஸ் இல்லை, சுய்கா அல்லது பாஸ்மோ கார்டு. முன்னது 2001இல் ஜே.ஆர். கொண்டுவந்தது, பின்னது 2007இல் மற்ற கம்பெனிகள் சேர்ந்து கொண்டுவந்தது. எதை வாங்கினாலும் எல்லா ரயிலிலும் செல்லும், பஸ்ஸிலும் செல்லும். பணம் போட்டு வைத்துக்கொள்ளும் கார்டுதான், பெரிய சலுகை ஒன்றும் இல்லை. ஆனால் இது யார் வண்டி என்று வாசலில் நின்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாமே! டிபாசிட் 500 யென். டிபாசிட் இல்லாமல் ‘வெல்கம் சுய்கா’ என்று பயணிகளுக்கு ஒரு கார்டு தருவார்கள். அது 28 நாளில் காலாவதி, மீதிப் பணமும் திரும்ப வராது. ஒரு மாதம் இருக்கப் போகிற உங்களுக்கு அது சரிப்படாது.

ஊர் சுற்றும் நாட்களுக்கு மட்டும் 24, 48, 72 மணி நேர சுரங்க ரயில் டிக்கெட் எடுங்கள். மெட்ரோ, டோயெய் இரண்டிலும் செல்லும், ஜே.ஆரில் செல்லாது. 24 மணி நேர டிக்கெட்டை மாலை நான்கு மணிக்கு வாயிலில் முதல் தடவை நுழைத்தால் மறுநாள் மாலை நான்கு வரை ஓடும். இப்படி மணிக்கணக்கில் ஓடும் டிக்கெட்தான் எனக்குப் பிடித்தது. ராத்திரி பன்னிரண்டோடு முடிகிற ஒருநாள் பாஸை மத்தியானம் வாங்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

கேள்வி: மகன் ஆபீஸ் போய்வரும் ரயில் பாஸை ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. அதில் அவர் பெயர் இருக்கும். எந்த வழியாகப் போகிறார் என்பதும் அச்சாகியிருக்கும். ஆனால் அந்த வழியில் நடுவே எந்த ஸ்டேஷனிலும், லீவு நாளிலும், அவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். பெரும்பாலும் ஆபீஸே அந்தப் பணத்தைக் கொடுத்துவிடும். ஆகவே கடைக்கு அவரை அனுப்புங்கள்!

கேள்வி: பேரனுக்கு ஐந்து வயது. டிக்கெட் உண்டா?

பதில்: கிடையாது. பெரியவர் ஒருவரோடு அந்த வயதுக் குழந்தைகள் இரண்டு பேர் இலவசம். பள்ளியில் சேர்ந்தபின் பாதிக் கட்டணம். ஆனால் காலை எட்டு மணி வண்டியில் மட்டும் அவனை ஏற்றாதீர்கள். பெரியவர்களே நசுங்குவார்கள்.