ஆட்சி மாறினால் இந்தப் படிப்பு வீணாகுமா? பாலக்கோட்டு அப்பா ஒருவருக்குப் பதில்

அண்ணா, வணக்கம்.

போன வாரம் தர்மபுரியில் பார்த்தபோது கூட்டம் அதிகம். நிதானமாகப் பேச முடியவில்லை. பஸ் ஏறும்போது நீங்கள் கேட்டது மனசிலேயே நிற்கிறது. “பாப்பா சோலார்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. இதெல்லாம் கவர்மென்ட் மானியத்துல ஓடுது. நாளைக்கு ஆட்சி மாறி மானியத்த நிறுத்திட்டா, தக்காளி விலை மாதிரி இதுவும் விழுந்துடுமா?”

தக்காளி போட்டு, பெட்டி விலை ஏறி இறங்குவதைப் பார்த்தவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். நேராகவே சொல்கிறேன்: விழும். ஏற்கெனவே விழுந்தும் இருக்கிறது.

காற்றாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் போடுகிறவர்களுக்கு வருமான வரியில் கிடைத்துவந்த விரைவுத் தேய்மானச் சலுகையை (இயந்திர விலையில் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே செலவாகக் காட்டி வரியைக் குறைப்பது) 2012ல் மத்திய அரசு எடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு நாடு முழுக்கச் சுமார் 3,200 மெகாவாட் புதிதாக நிறுவியிருந்தார்கள். மறு ஆண்டே அது கிட்டத்தட்டப் பாதியானது. 2014ல் சலுகை திரும்ப வந்தது, வேலையும் வந்தது. 2017ல், காற்றாலை கரன்டுக்கு அரசு நிர்ணயித்த விலைக்குப் பதிலாக, குறைந்த விலை கேட்பவருக்கே வாய்ப்பு என்ற ஏல முறை வந்ததும் மறுபடி சரிவு. 2016-17ல் சுமார் 5,500 மெகாவாட்டாக இருந்த நிறுவல், மறு ஆண்டு சுமார் 1,800 ஆக விழுந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் முதல் அடி விழுவது புதிதாகக் காற்றாலை நடும் வேலைக்கு. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் ஏற்கெனவே நின்ற காற்றாலைகள் சுற்றிக்கொண்டேதான் இருந்தன. அவற்றின் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்க, பழுதைக் கண்டுபிடித்துக் கரன்டை நிறுத்தவைக்கும் ரிலேயைச் சோதிக்க, துணை மின்நிலையத்தில் ஷிப்ட் இருக்க ஆள் வேண்டியிருந்தது. நடுகிறவரின் பிழைப்பு மானியத்தோடு கட்டப்பட்டது; கரன்ட் தெரிந்தவரின் பிழைப்புக்கு அந்தக் கட்டு இல்லை. பாப்பா எந்தப் பக்கம் நிற்கப்போகிறாள் என்பதை நாம் இப்போது எடுக்கிற பாடம்தான் முடிவு செய்யும்.

அதனால் ட்ரிபிள் இ (EEE, மின்சாரம் மற்றும் மின்னணுவியல் பொறியியல்) எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கொண்டுவந்த நோட்டீஸில் இருக்கும் ‘ரினியூவபிள் எனர்ஜி’ (சூரியஒளி, காற்று போன்ற புதுப்பிக்கத்தக்க எரிசக்தி) பட்டப்படிப்பு வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் அரூர் பக்கத்து மாணவர் ஒருவரை அதே மாதிரி பெயருள்ள படிப்பில், ஒரு தனியார் கல்லூரியில் சேரச் சொன்னேன். நல்ல பையன், நன்றாகவும் படித்தார். இன்டர்வியூவில், பெரிய மோட்டாரைக் குறைந்த கரன்டில் ஓடத் தொடங்க வைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் பற்றிக் கேட்டார்கள்; அவர் கையால் அதை மாட்டிப் பார்த்ததே இல்லை. அரசு வேலை அறிவிக்கையில் ஒரு படிப்பின் பெயர், இவர் சான்றிதழில் வேறு பெயர். இரண்டும் இணையானவை என்று அரசாணை இருக்கிறதா என இருவருமாக அலைந்தோம். அந்தத் தவறு என்னுடையது. உங்கள் வீட்டில் அது நடக்கக் கூடாது.

சோலார் ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. ட்ரிபிள் இ-யில் மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், பவர் எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் வரும். சோலாரின் இதயமே, பேனல் தரும் டி.சி. கரன்டை வீட்டுக்கான ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டர்தான். அது பவர் எலெக்ட்ரானிக்ஸ். போச்சம்பள்ளியில் ஓலாவும் ஓசூரில் ஏத்தரும் செய்யும் மின்சார ஸ்கூட்டருக்குள் இருக்கும் மோட்டார் கன்ட்ரோலரும் அதே பாடம்தான்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. நம் ஊரில் யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய குறை. ஒரு ஆலை எவ்வளவு கரன்ட், டீசல், நிலக்கரி எரிக்கிறது, அதனால் எத்தனை டன் கார்பன் போகிறது என்று அளந்து கணக்கு எழுதும் வேலை அது. 2001ன் எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி, பெரிய அளவில் எரிசக்தி செலவழிக்கும் ஆலைகளுக்கு எனர்ஜி மேனேஜர் வைப்பது கட்டாயம். 2022ல் செய்த திருத்தம் கார்பன் சந்தைக்கும் (கார்பனைக் குறைத்தவர் அந்தக் கணக்கை மற்றவருக்கு விற்கும் ஏற்பாடு) வழி வைத்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2026 ஜனவரி முதல் இறக்குமதியாகும் இரும்பு, எஃகு, அலுமினியத்துக்குக் கார்பன் கட்டணம் விதிக்கிறது. எஃகு போல்ட், நட் வரைக்கும் அதில் அடக்கம். ஓசூரில் அப்படிப்பட்ட சரக்கை அங்கே அனுப்பும் பட்டறை, தன் கார்பன் கணக்கைச் சரியாகக் காட்டியே ஆக வேண்டும். இது சென்னையிலோ டெல்லியிலோ ஆட்சி மாறினால் மறைந்துவிடும் தேவை இல்லை. வாங்குகிறவன் கேட்கிற கணக்கு. பி.இ. முடித்து 3 வருடம், டிப்ளமோ என்றால் 6 வருடம் அனுபவம் சேர்ந்தால் ஆலைகளின் எரிசக்திச் செலவைத் தணிக்கை செய்யும் எனர்ஜி ஆடிட்டர் ஆவதற்கான தேர்வும் எழுதலாம். பாப்பாவுக்குக் கணக்கில் நல்ல மார்க் என்றீர்களே, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

பணத்தைப் பற்றி. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்காக நிலத்தை அடமானம் வைக்கும் யோசனையைத் தயவுசெய்து விடுங்கள். பாப்பா 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணமும் ஹாஸ்டல் செலவும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். செட்டிக்கரை அரசுக் கல்லூரி, பர்கூர் அரசுக் கல்லூரி இரண்டையும் விருப்பப் பட்டியலில் மேலே வைப்போம். கட் ஆஃப் எட்டவில்லையென்றாலும் கவலை வேண்டாம். பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம், அதை முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் நேராகப் போகலாம். கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக்கை அதற்காக மனதில் வைத்திருங்கள்.

கூரையில் ஏறும் வேலையைப் பொம்பளப்பிள்ளை எப்படிச் செய்வாள் என்று வீட்டில் அண்ணி கேட்டதாகச் சொன்னீர்கள். உங்கள் தெருவிலேயே யாராவது மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் வீட்டுக் கூரையில் சோலார் போட்டால் (3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய்), பாப்பாவையும் அண்ணியையும் அழைத்துப்போய் ஒரு பகல் முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். பேனல் ஏற்றுவது காலையோடு முடியும். வயரிங், எர்த்திங், சோதனை என்று மீதி நேரமெல்லாம் மூளைக்குத்தான் வேலை.

கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் போடும் நாளில் இருவரும் வாருங்கள். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமையாசிரியர் தரும் சான்று, மூன்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள். கடைசிச் சான்றுக்கு இந்த வாரமே பள்ளியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். 6ஆம் வகுப்பு வேறு ஊர்ப் பள்ளி என்பதால் அங்கேயும் ஒரு நடை போக வேண்டியிருக்கும்.