அறுவை சிகிச்சைப் பயிற்சியில் தொழில்நெறிக்கு மதிப்பெண் போட முடியுமா?

பயிற்சி மதிப்பீட்டுப் படிவத்தில் ‘தொழில்நெறி: திருப்தியில்லை’ என்று காரணம் சொல்லாமல் எழுதிவிட்டார்கள், இதையெல்லாம் அளக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். உங்கள் விஷயத்தில் எதை அளந்தார்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். நீங்கள் பயிற்சியின் தொடக்க ஆண்டுகளில் இருக்கிறீர்கள், படிவத்தை நிரப்பியவர் ஒரே ஒரு மூத்த மருத்துவர் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு நடந்தது நேர்மாறு. கொஞ்சமும் தகுதியில்லாத நேரத்தில் எனக்கு ‘மிக நன்று’ போட்டார்கள்.

அப்போது இரண்டாம் ஆண்டு. குடலில் ஓட்டை விழுந்த நோயாளிக்கு நள்ளிரவில் அவசர அறுவை சிகிச்சை. வயிற்றை மூடத் தொடங்கும்போது, கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸ், “ஒரு மாப் குறைகிறது” என்றார். மாப் என்பது உள்ளே இரத்தத்தை ஒற்றும் துணி. நனைந்துவிட்டால் குடலோடு குடலாகக் கிடக்கும், கண்ணில் படாது. எண்ணிக்கை பொருந்தாவிட்டால் மூடுவதை நிறுத்தித் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் தெரியும் இழை ஒன்று அந்தத் துணியில் இருப்பதே அதற்காகத்தான். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் என் மூத்தவர் “எண்ணியதில் பிழை இருக்கும்” என்று தையலைத் தொடர்ந்தபோது அவருக்கு ஒத்து ஊதினேன். “முதலிலேயே ஒழுங்காக எண்ணியிருக்கக் கூடாதா?” என்று அந்த நர்ஸிடம் குரலை உயர்த்தினேன்.

அவர் என்னுடன் வாதாடவில்லை. நனைந்த துணிகளை ஐந்தைந்தாகப் பரப்பச் சொன்னார். உதவிக்கு நின்ற நர்ஸும் அவரும் வாய்விட்டு எண்ணினார்கள். கடைசி வரிசையில் நான்குதான். “எண்ணிக்கை சரி என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன், டாக்டர்.” மூத்தவர் தையலைப் பிரித்தார். மண்ணீரலுக்குக் கீழே இருந்தது துணி.

அந்தக் காலாண்டுப் படிவத்தில்தான் எனக்கு ‘மிக நன்று’. நிரப்பியவர் அதே மூத்தவர். அவர் பார்த்தது என் பணிவை. அந்த நர்ஸிடம் யாரும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அவரிடம் மன்னிப்புக் கேட்க மூன்று வாரம் ஆனது.

கைத்திறமையே முதன்மை என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். கைத்திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அன்று அந்த நோயாளியைக் காத்தது எங்கள் கை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலிலும், நோயாளி அறையை விட்டுப் போகும் முன் எண்ணிக்கையை வாய்விட்டு உறுதிசெய்யும் பொறுப்பு நர்ஸுக்குத்தான். அமெரிக்காவில் 2005-இல் வெளிவந்த பாபடாகிஸ் குழுவின் ஆய்வு, மருத்துவ வாரியத்தின் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான 235 மருத்துவர்களின் கல்லூரிக் கோப்புகளைப் புரட்டிப் பார்த்தது. மாணவப் பருவத்திலேயே நெறிதவறிய குறிப்பு இருப்பதற்கான வாய்ப்பு, மற்றவர்களைவிட அவர்களிடம் சுமார் மூன்று மடங்கு. ஆகவே குறிப்பு எழுதுவதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, இருந்தாலும் மனம் பொறுக்கவில்லை. என் கைக்கு ஆறாம் எண் கையுறை வேண்டும். கேட்டால் எப்போதும் ஆறரைதான் கிடைக்கும். குடலை இணைத்துத் தைக்கும் ஸ்டேப்லரின் கைப்பிடியோ பெரிய கைகளுக்கென்றே செய்தது. இரண்டு கைகளாலும் அழுத்தினால் ‘கருவியைக் கையாள்வதில் தடுமாற்றம்’ என்று எழுதுகிறார்கள். எத்தனை பெண்கள் இந்த வரியைச் சுமந்திருப்பார்கள்!

இப்போது படிவம் நிரப்புவது என் முறை. அறுவை மருத்துவர்களின் கைத்திறன் அல்லாத திறன்களை மதிப்பிட ஸ்காட்லாந்தில் உருவான நாட்ஸ் (NOTSS) என்ற முறையில் சூழலை உணர்தல், முடிவெடுத்தல், தொடர்பும் குழுவேலையும், தலைமை என நான்கு தலைப்புகள் உண்டு. கண்ணால் கண்ட செயலுக்கு மட்டுமே மதிப்பு. நான் அதையே பின்பற்றுகிறேன். ‘மனப்பான்மை சரியில்லை’ என்று எழுதுவதில்லை. ‘செவ்வாய் இரவு வார்டிலிருந்து மூன்று முறை அழைத்தும் வரவில்லை’ என்று எழுதுகிறேன், அன்றைக்கே முகத்துக்கு நேராகச் சொல்லியும் விடுகிறேன். நர்ஸ், மயக்க மருத்துவர், வார்டு ஊழியர் எல்லோரிடமும் கேட்கிறேன். கேட்கப்படுபவர் யாராவது பழிவாங்கிவிடுவாரே என்ற பயிற்சி மருத்துவரின் பயம் நியாயமானது. ஒருவரை மட்டும் கேட்டு நிறுத்தாததும் அதனால்தான்.

நீங்கள் மேல்முறையீடு, கடிதம் என்று தொடங்குவதற்கு முன் அந்த மருத்துவரிடம் நேரில் போய், ‘எந்த நாள், எந்த இடம், நான் என்ன செய்தேன்?’ என்று மூன்றையும் கேளுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால் அதையே எழுத்தில் தரச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால், அன்று பக்கத்தில் யார் நின்றார்கள் என்று நினைவுபடுத்தி, அவரிடமும் போய்க் கேளுங்கள்.