மாத்திரைக்கும் இட்லிக்கும் நடுவில் ஒரு மணி நேரம்

கேள்வி: நீண்ட நாள் நோயிலிருந்து தேறி வருகிறேன். வீட்டாரோடு சேர்ந்து மாடியில் தேனீக்கள் வரும்படி ஒரு தோட்டம் போட ஆசை. சென்னையில் இது நடக்குமா, உடம்பு தாங்குமா?

நடக்கும். உடம்பும் தாங்கும். ஆனால் தூக்குகிற வேலை ஒன்றையும் நீங்கள் தொடக் கூடாது. தண்ணீர் ஊற்றிய செடிப்பை என்ன கனம் கனக்கும் என்பது தூக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

எனக்கு வந்தது நுரையீரல் காசநோய். ஜூலையில் மருந்து ஆரம்பித்தேன். மொத்தம் 6 மாதம். முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், மீதி 4 மாதம் மூன்று. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட வேண்டும், ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பிட வேண்டும் என்றார் மருத்துவர். அந்த ஒரு மணி நேரத்தைத் தள்ளுவதுதான் பெரும்பாடு. வயிறு புரட்டும். படுத்தால் இன்னும் மோசம். கொளத்தூரில் நாங்கள் இருப்பது மேல்மாடி வீடு, மொட்டைமாடிக்குப் பதினாறு படி. ஒருநாள் மெதுவாக ஏறிப் போய் மேலே உட்கார்ந்தேன். காற்றுப் பட்டதும் புரட்டல் கொஞ்சம் அடங்கியது. மறுநாளும் போனேன்.

அப்போது வீட்டில் என் தட்டு, டம்ளர் எல்லாம் தனி. என் மாமியார் பயந்துபோயிருந்தார். அவருடைய சித்தப்பாவை காசநோயாளிகளுக்கென்று இருந்த சானடோரியம் என்கிற தனி ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவர் திரும்பி வரவே இல்லையாம். பாத்திரத்தால் இது பரவாது, இருமும்போது காற்றில்தான் பரவும், மருந்து ஒழுங்காகப் போட்டால் சில வாரங்களிலேயே தொற்று வெகுவாகக் குறைந்துவிடும் என்று மருத்துவர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. நானும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசநோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுக்கலாம், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்து வராது என்பதை உலகத்துக்குக் காட்டியதே நம் ஊர்தான். 1956-ல் இங்கே தொடங்கிய ஆராய்ச்சி மையம் சானடோரிய நோயாளிகளையும் வீட்டில் இருந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, 1959-ல் முடிவை வெளியிட்டது. சேத்துப்பட்டில் அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. இதை அத்தையிடம் சொன்னது என் வீட்டுக்காரர். கேட்டுக்கொண்டார், ஆனாலும் தள்ளியே உட்கார்ந்தார்.

மொட்டைமாடியில் மட்டும் தள்ளி உட்கார அவசியம் இருக்கவில்லை. திறந்த வெளி, நல்ல காற்று, என் முகத்தில் மாஸ்க். முதலில் என் மகள் வந்தாள், ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அப்புறம் அத்தை வந்தார். "ஆடி பொறந்தாச்சு, சும்மா உக்காந்திருக்கிறதுக்கு ரெண்டு விதை போட்டா என்ன?" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் 2 மாத மருந்தில் ஒன்று எனக்கு மூட்டுவலி கொடுத்தது. கரண்டி பிடிக்கவே விரல் மடங்காது. அதனால் செம்மண், தேங்காய்நார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் கலந்தது அத்தையும் மகளும். சுமந்து ஏற்றியது வீட்டுக்காரர். நான் நாற்காலியில் உட்கார்ந்து எந்தப் பூவுக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்து நோட்டில் எழுதினேன். அதுவும் வேலைதான். சும்மா படுத்திருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்பது உங்களுக்குப் புரியும்.

இனி செடிக்கு வருகிறேன். எந்த நேரத்தில் தேனீயைப் பார்க்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், அதை வைத்துச் செடி வையுங்கள். எனக்குக் காலை ஆறரையிலிருந்து ஏழரை. அந்த நேரத்துக்குப் பூசணிதான் ராஜா. விடியும்போதே விரிந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். பீர்க்கங்காயும் சுரைக்காயும் சாயங்காலம் பூப்பவை, எனக்கு உதவவில்லை. பத்துமணிப் பூவுக்குப் பெயரே நேரத்தைச் சொல்லிவிடும். துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் கதிர் விட்டால் கிள்ளாதீர்கள். கதிரைக் கிள்ளினால்தான் செடி தழைக்கும் என்று அத்தை பாதியைக் கிள்ளுவார், பாதியை எனக்காக விடுவார். மழை ஆரம்பித்ததும் காலி மனையிலிருந்து தும்பையை வேரோடு கொண்டுவந்து வைத்தார். காசில்லாமல் கிடைக்கும் செடி, அதற்கு வந்த கூட்டம் நர்சரியில் வாங்கிய எதற்கும் வரவில்லை. அடுக்குச் செம்பருத்தி பார்க்க அழகு, தேனீக்கு அதில் அதிகம் கிடைக்காது. ஒற்றை இதழ்ப் பூவாகப் பார்த்து வாங்குங்கள்.

கத்தரிப் பூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் நடுவில் மஞ்சளாகக் குவிந்திருக்கும் குழல்களில் மகரந்தம் உள்ளே அடைபட்டிருக்கும், நுனியில் மட்டும் ஊசித் துளை. சாதாரணத் தேனீயால் அதை உதிர்க்க முடியாது. செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, வயிற்றில் வெளிர்நீல வரி போட்ட ஒரு தேனீ வந்து பூவைத் தலைகீழாகக் கட்டிப்பிடித்தது. சிறகு அசையவில்லை, உடம்பு மட்டும் அதிர்ந்தது. "ங்ங்" என்று ஒரு சத்தம், பறக்கும்போது வரும் ரீங்காரத்தைவிடக் கூர்மையாக. அதன் வயிற்றில் மஞ்சள் தூள் கொட்டியது. மகள் "ஆயா, ஓடி வா" என்று கத்தினாள். அத்தை ஓடி வந்து என் தோளில் கையூன்றிக் குனிந்து பார்த்தார். மூன்று மாதத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

மாவுப்பூச்சி வந்தபோது கடைக்காரர் ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார். அதில் இமிடாகுளோபிரிட் என்று போட்டிருந்தது. அது செடியின் சாற்றோடு கலந்து மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்ச் சேரும் மருந்து. தேனீயை வரவழைத்துவிட்டு அதை அடிப்பது விருந்தாளிக்கு விஷம் வைப்பது மாதிரி. திருப்பிக் கொடுத்துவிட்டோம். வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, தேனீக்கள் கூட்டுக்குப் போன பிறகு, இருட்டும் நேரத்தில் அடித்தோம்.

தண்ணீரும் வையுங்கள். ஆழமில்லாத தட்டில் கூழாங்கற்களைப் போட்டு, கல் நனைகிற அளவுக்கு ஊற்றினால் போதும், இல்லாவிட்டால் விழுந்து செத்துப்போகும். ஆனால் தினமும் காலையில் கொட்டிவிட்டு மாற்றுங்கள். டெங்கு இருக்கும் ஊர் இது. நாம் வேறு நோயில் இருக்கும்போது கொசு வளர்க்கக் கூடாது.

நவம்பர் மழையில் பத்து நாள் ஒரு தேனீகூட வரவில்லை. பூசணிக்கொடி அழுகிப்போனது. அந்த நாட்கள் கஷ்டமாகத்தான் இருந்தன, மறைக்க விரும்பவில்லை. மாத்திரையைப் போட்டுவிட்டு மாடிப்படியின் மேல்படியில், கதவைத் திறந்துவைத்து, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை சுக்குக் காப்பியோடு இரண்டு படி கீழே உட்கார்ந்திருப்பார், ஏழரை ஆனதும் கையில் கொடுக்க.

கொட்டுமா என்று பயப்பட வேண்டாம். நான் மேலே சொன்னது போன்ற சின்னத் தோட்டத்துக்கு வருகிற தேனீக்கள் பூவில் வேலையாக இருக்கும்போது நம்மைக் கண்டுகொள்வதில்லை. கையால் தட்டாமல் இருந்தால் போதும். ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கொசுத்தேனீக்குக் கொட்டவே தெரியாது. எங்கள் கைப்பிடிச் சுவரில் ஒரு விரிசலுக்குள் அது கூடு வைத்திருந்ததை மகள்தான் கண்டுபிடித்தாள். விரிசலிலிருந்து மெழுகும் பிசினும் கலந்த ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். வாசலில் எறும்பு அளவுக்கு நாலைந்து காவல் நிற்கும்.

ஜனவரியில் மருந்து முடிந்தது, பரிசோதனையும் நன்றாக வந்தது. அதே வாரம் பொங்கலுக்கு வீட்டு ஓனர் வெள்ளையடிக்க ஆள் அனுப்பினார். விரிசல்களை எல்லாம் சிமென்ட் வைத்துப் பூச வேண்டும் என்றார் அந்த அண்ணன். அத்தை அந்த விரிசலுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "இத மட்டும் விட்ருப்பா, எங்க வீட்டுப் புள்ளைங்க." இப்போது சுவர் முழுக்க வெள்ளை, அந்த இடத்தில் மட்டும் ஒரு கையகலத்துக்குப் பழைய மஞ்சள்.