முன்பு குடியிருந்தவர்களின் கிருமிகள்

கேள்வி: அடுத்த வாரம் வேறு வாடகை வீட்டுக்குப் போகிறோம். அங்கே முன்பு இருந்தவர்கள் எப்படிப்பட்டவர்களோ தெரியவில்லை. அவர்களுடைய கிருமிகள் போக எத்தனை நாள் கிருமிநாசினி போட்டுத் துடைக்க வேண்டும்?
– வாசகி ஒருவர், திருப்பூர்

பதில்: 'எப்படிப்பட்டவர்களோ' என்ற கவலையை முதலில் விடுங்கள். நீங்கள் காலி செய்யும் வீட்டுக்கு வருகிறவர்களும் உங்களைப் பற்றி இதையே கேட்கலாம். வேதனையான கேள்வி அது.

அமெரிக்காவில் ஜாக் கில்பர்ட் என்ற விஞ்ஞானியின் குழு, 7 குடும்பங்களின் வீடுகளை ஆறு வாரம் தொடர்ந்து ஆராய்ந்தது. கை, பாதம், மூக்கு, கதவுப் பிடி, சுவிட்ச், தரை, சமையல் மேடை என்று பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுத்தார்கள். முடிவுகள் 2014-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தன. தரை மாதிரி ஒன்றைக் கொடுத்தால், அது எந்தக் குடும்பத்தின் வீடு என்று சொல்லும் அளவுக்குப் பாக்டீரியா ஒத்துப்போனது. அதில் மூன்று குடும்பங்கள் நடுவில் வீடு மாறின. ஒரு நாளுக்குள் புது வீடு அவர்களுடைய பழைய வீட்டைப் போலவே ஆகிவிட்டது! வீட்டில் ஒருவர் சில நாள் வெளியூர் போனால், அங்குள்ள பாக்டீரியாவில் அவருடைய பங்கு குறைந்தது.

காரணம் எளிது. நம் தோல் ஓயாமல் உதிர்கிறது. ஒவ்வொரு செதிலோடும் பாக்டீரியா போகிறது. வெறுங்காலோடு நடக்கிறோம், சுவரில் கை ஊன்றுகிறோம். காய்ந்த தரையில் தோல் பாக்டீரியா பெரிதாகப் பெருகாது. புதிதாக வந்து விழுவதுதான் மிஞ்சும்.

ஆகவே குடி போகும் முன் ஒருமுறை சோப்புத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவுங்கள், போதும். அப்புறம் தினமும் கிருமிநாசினி ஊற்றினால், நீங்கள் துடைப்பது பெரும்பாலும் உங்கள் வீட்டாரின் தோலிலிருந்து வந்ததைத்தான். அதில் அநேகம் நமக்குத் தீங்கு செய்யாதவை. 2016-இல் அமெரிக்க அரசு, டிரைக்ளோசான் உட்பட 19 கிருமிக்கொல்லி ரசாயனங்கள் சேர்த்த கைகழுவும் சோப்புகளின் விற்பனைக்குத் தடை போட்டது. சாதாரண சோப்பைவிட அவை மேல் என்று நிறுவனங்களால் நிரூபிக்க முடியவில்லை.

கவனம் வேண்டிய இடம் சமையலறை. அதே ஆய்வில், நோய் தரக்கூடிய ஒரு பாக்டீரியா முதலில் ஒருவர் கையிலும், பிறகு சமையல் மேடையிலும், அப்புறம் இன்னொருவர் கையிலும் தென்பட்டது. பச்சைக் கறி, மீன் நறுக்கிய பலகையை உடனே கழுவுங்கள். யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கழிவறையையும் குழாய்ப் பிடியையும் கிருமிநாசினியால் துடையுங்கள். வாங்கிய பாட்டிலை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.