306 டாலரில் தவறிய டிபெண்டென்ட்

கேள்வி: நானும் என் காதலியும் டெக்சாஸில் மூன்று ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். திருமணம் செய்துகொள்ளவில்லை. இந்த ஆண்டு அவருக்கு வேலை இல்லை. என் வரித் தாக்கலில் அவரை டிபெண்டென்ட் (என் பராமரிப்பில் வாழ்பவர்) எனக் காட்டலாமா?

பதில்: நிபந்தனைகள் பொருந்தினால் காட்டலாம். ஆண்டு முழுவதும் அவர் உங்கள் வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் (இடையில் விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தால் பாதகமில்லை). அவருடைய மொத்த வருமானம் 2025ஆம் ஆண்டுக் கணக்கில் 5,200 டாலருக்குக் குறைவாகவும், அவரைப் பராமரிக்க ஆன செலவில் பாதிக்கு மேல் உங்கள் கையிலிருந்து போனதாகவும் இருக்க வேண்டும். அவர் எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவரானால், முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளில் வரிச் சட்டம் அவரைப் பெரும்பாலும் அமெரிக்காவில் வசிப்பவராகக் கொள்ளாது. அப்போது இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எல்லாம் பொருந்தினாலும் உங்கள் வரியில் குறைவது 500 டாலர்தான். அவரைக் காட்டி ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் (குடும்பத் தலைவர்) என்ற நிலையில் தாக்கல் செய்யவும் முடியாது, ஏனெனில் அதற்கு ஒரே வீட்டில் வாழ்வது போதாது, உறவுமுறை வேண்டும்.

நான் கணக்கரல்ல. மிச்சிகனில் வாழும் பொறியாளர். "திருமணம் செய்துகொண்டு கூட்டாகத் தாக்கல் செய்தால் இதைவிட அதிகம் மிச்சமாகுமே" என்று எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். ஏன் செய்துகொள்ளவில்லை என்பது எங்கள் இருவரோடு நிற்கட்டும்.

என் இணையர் அமெரிக்கக் குடிமகன். அச்சகம் ஒன்றில் வேலை பார்த்தவர். 2022 சனவரியில் ஆட்குறைப்பில் வேலை போனது. மிச்சிகன் அரசு அப்போது வேலையிழந்தோருக்கு அதிகபட்சமாகக் கொடுத்த வாரம் 362 டாலர் அவருக்கு 13 வாரங்கள் வந்தது. பிறகு முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சை. வேலை செய்யும் நிலையில் இல்லாதவருக்கு அந்தப் பணம் கிடையாது என்பதால் அதுவும் நின்றுபோனது. வாடகை, மளிகை, மருந்து, அவருடைய கார்த் தவணை என அந்த ஆண்டு முழுவதையும் என் சம்பளம்தான் சுமந்தது. ஆகவே மறு ஆண்டு வரித் தாக்கலின்போது, மென்பொருள் "இவருக்கு வருமானம் உண்டா?" என்று கேட்டதும் சற்றும் யோசிக்காமல் "இல்லை" என்று அழுத்தினேன். அரசு கொடுத்தது உதவிப் பணம், அது எப்படி வருமானமாகும் என்பது என் எண்ணம்.

அது வருமானம்தான். 13 வாரங்களுக்கு 4,706 டாலர்; 2022ஆம் ஆண்டுக்கான வரம்பு 4,400. மிகை 306. அரசு அந்தப் பணத்துக்குக் கணக்குக் காட்டி அனுப்பிய 1099-ஜி படிவம் மேசை இழுப்பறையில் கிடந்தது. அந்தப் பணத்தில் பிடித்த வரியைத் திரும்பப் பெற அவர் தனியாகத் தாளில் ஒரு படிவம் அனுப்பியிருந்தார். தம்மை வேறொருவர் டிபெண்டென்ட் எனக் காட்டலாம் என்ற கட்டத்தில் குறியிடவில்லை. சில மாதங்களில் கூட்டரசு வரித் துறையான ஐ.ஆர்.எஸ்ஸின் கடிதம் வந்தது. 500 டாலரையும் வட்டியையும் கட்டித் திருத்தப் படிவம் அனுப்பினேன்.

அதற்கு உதவ வந்த வரி ஆலோசகர் இன்னொரு குண்டையும் போட்டார். உறவு உள்ளூர்ச் சட்டத்துக்கு மாறானதாக இருந்தால், ஆண்டெல்லாம் ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் டிபெண்டென்ட் ஆகாது என்று வருமான வரிச் சட்டமே சொல்கிறது. 1957இல் அலபாமாக்காரர் ஒருவரின் கோரிக்கையை வரி நீதிமன்றம் இப்படித்தான் தள்ளியது. மிச்சிகனில் 1931ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மணமாகாதவர்கள் "ஒழுக்கக்கேடாக" சேர்ந்து வாழ்வதை ஓராண்டுச் சிறைக்குரிய குற்றமாக வைத்திருந்தது. வெறுமனே சேர்ந்து வாழ்வது அந்தக் குற்றமாகாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1998இல் ஒரு வாடகை வழக்கில் சொல்லியிருந்ததை நானே தேடி எடுத்துக் காட்டினேன், ஆலோசகர் மசியவில்லை. அதை நீக்கும் சட்டத்தை 2023இல் நிறைவேற்றினார்கள். டெக்சாஸில் உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அங்கே வேறொன்று உண்டு: கணவன் மனைவியாக இருக்க இருவரும் உடன்பட்டு, அவ்வாறே சேர்ந்து வாழ்ந்து, பிறரிடமும் அப்படியே சொல்லிக்கொண்டால், பதிவு செய்யாமலே அது சட்டப்படி திருமணம். நம்மவர்கள் கோயிலிலும் குடியிருப்பிலும் கேள்விகளைத் தவிர்க்க "என் மனைவி" என்று சொல்லிவிடுவது வழக்கம். அந்த ஒரு பொய் மட்டும் திருமணமாகிவிடாது என்றாலும், வரிப் படிவத்தில் "மணமாகாதவர்" என்று எழுதப் போகிறவர் வெளியில் அதைச் சொல்லித் திரியாமல் இருப்பது நல்லது.

என்னை உண்மையில் எரிச்சலூட்டியது அந்த 500 டாலர் அல்ல. அவரை என் அலுவலக மருத்துவக் காப்பீட்டில் சேர்த்திருந்தேன். மணமான துணையென்றால் நிறுவனம் செலுத்தும் பங்குக்கு வரி இல்லை. மணமாகாத இணையரென்றால் அந்தப் பங்கை நம் சம்பளமாகவே கணக்கிட்டு ஆண்டுச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவத்தில் ஏற்றிவிடுவார்கள். எனக்கு மாதம் 480 வீதம் ஆண்டுக்கு 5,760 டாலர் ஏறியது. கண்ணால் காணாத அந்தச் சம்பளத்துக்குக் கூட்டரசு, மாநில, சமூகப் பாதுகாப்பு வரிகள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,950 டாலர் போனது. ஏன் என்று மனிதவளப் பிரிவில் கேட்டபோது, "அவரை வரிப் படிவத்தில் டிபெண்டென்ட் எனக் காட்டுகிறீர்களா? இல்லையென்றால் இப்படித்தான்" என்றார்கள். திருத்தப் படிவம் அனுப்பிய கையோடு நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்தக் கேள்வியே தவறு. மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும் டிபெண்டென்ட் யார் என்று பார்க்கும்போது வருமான வரம்பைக் கணக்கில் கொள்ளக் கூடாது என்பது விதி. ஆண்டு முழுவதும் உடன் வாழ்ந்ததும் பாதிக்கு மேல் செலவை ஏற்றதும் போதும். என்னிடமிருந்து 500 டாலரைப் பறித்த அதே 306 டாலர் மிகை, காப்பீட்டில் ஒரு பொருட்டே அல்ல. இதை நான் அறிந்தது ஓராண்டு கழித்து, நிறுவனத்தின் காப்பீட்டுத் திட்ட ஆவணத்தை முழுதாகப் படித்தபோது. மறுபடியும் போய்க் கேட்டேன். இணையர் காப்பீட்டுக்கு டிபெண்டென்ட்தான் என்று எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிப் படிவம் ஒன்று அவர்களிடமே இருந்தது. நான் கேட்கும்வரை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நடப்பு ஆண்டுக்கு ஏற்றுக்கொண்டார்கள், முடிந்துபோன ஆண்டின் டபிள்யூ-2ஐத் திருத்த மறுத்துவிட்டார்கள்.

ஆகவே நீங்கள் 500 டாலருக்கான கட்டத்தைத் தேடுவதற்கு முன், உங்கள் காதலி உங்கள் அலுவலகக் காப்பீட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள்; இருந்தால் அந்த உறுதிமொழிப் படிவத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அவர் அரசின் மருத்துவக் காப்பீட்டுச் சந்தை வழியாகக் கட்டணச் சலுகையுடன் தனிக் காப்பீடு எடுத்திருந்தால், அவரை டிபெண்டென்ட் எனக் காட்டும்போது அந்தச் சலுகைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள், அதுவும் உங்கள் வருமானத்தை வைத்து. 500ஐப் பெறப் போய்ச் சில ஆயிரங்களைத் திருப்பிக் கட்ட நேரலாம்.

2023இல் என் இணையருக்கு வருமானமே இல்லை, அந்தப் பழைய குற்றப் பிரிவை நீக்கும் சட்டமும் நிறைவேறியிருந்தது. முறைப்படி காட்டினேன், ஏற்றுக்கொண்டார்கள். 2024இல் அவருக்கு மீண்டும் வேலை கிடைத்துவிட்டது.